பேசத் தெரிந்தவரும் கற்பிக்கத் தெரிந்தவரும்
புலம்பெயர் மண்ணில் மொழியாசிரியர் உருவாகும் விதம்

(கோவை, காந்திபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாழ்நாள் முழுவதும் பள்ளியில் தமிழ் கற்பித்த ஒருவரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. ஆசிரியர் ஒருவரின் நினைவைப் போற்றும் மேடையில் ஆசிரியரைப் பற்றியே பேச விரும்பினேன். நான் பேச எடுத்துக்கொண்டவர் நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஆசிரியர். தெருவில் ஒலிக்காத மொழியை, கடைப் பலகையில் இல்லாத எழுத்தை, வாரத்துக்கு ஒரு நாள், வாடகைக்கு எடுத்த வகுப்பறையில் கற்பிப்பவர். டொராண்டோவில், சூரிச்சில், டல்லாஸில், சிட்னியில் சனி ஞாயிறுகளில் தமிழ்ப் பிள்ளைகள் முன் நிற்பவர். அவர்களில் பலர் நம் ஊர்க்காரர்கள். பொள்ளாச்சியிலும் கோபியிலும் படித்துவிட்டு, கோவையில் பொறியியல் பட்டம் பெற்று, வேலைக்காக வெளிநாடு போய், பிள்ளை பிறந்து வளர்ந்தபின் தமிழாசிரியர் ஆனவர்கள்.

இந்த அவையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஒரு மொழியைத் தாய்மொழியாகப் பேசுவதால் மட்டும் ஒருவர் அந்த மொழிக்கு ஆசிரியர் ஆகிவிடுவதில்லை. புலம்பெயர் மொழியாசிரியரைப் பயிற்சியால்தான் உருவாக்க வேண்டும். அந்தப் பயிற்சியைத் தரும் கடமையும் தகுதியும் கோவைக்கு உண்டு.

பஞ்சாபியர் நடந்த வழி

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே எதிர்கொண்ட ஒரு சமூகத்திலிருந்து தொடங்குகிறேன். கனடாவின் வான்கூவர் நகரத்தில் சீக்கியர்கள் 1906-இல் கால்சா திவான் சங்கத்தை நிறுவினார்கள். 1908-இல் அங்கே குருத்வாரா எழுந்தது. சீக்கியருடைய மறைநூலான குரு கிரந்த சாகிப், பஞ்சாபியை எழுதும் குருமுகி எழுத்தில் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் இரண்டாவது குருவான அங்கத் தேவ் செப்பம் செய்த எழுத்து அது. மறையை ஓத வேண்டுமானால் எழுத்தைக் கற்க வேண்டும். ஆகவே பஞ்சாபி வகுப்புக்குக் குருத்வாராவே கூடமாகவும் காரணமாகவும் அமைந்தது. மறை ஓதும் கிரந்தியும் சேவை செய்ய வரும் பெண்களும் ஆசிரியர்களாக நின்றார்கள்.

அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 1990-களில் பஞ்சாபி பள்ளிப் பாடத்திட்டத்துக்குள் வந்தது. சிங்கப்பூரில் 1990-இல் சிங்கப்பூர் சீக்கியக் கல்வி அறக்கட்டளை உருவாகி, அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் பஞ்சாபியைத் தேர்வுப் பாடமாக எடுக்க வழிசெய்தது. இங்கிலாந்தில் 2015-இல், படிப்போர் எண்ணிக்கை குறைவு என்று சொல்லிச் சில மொழிகளின் உயர்நிலைத் தேர்வுகளை நிறுத்திவிடத் தேர்வு வாரியங்கள் முடிவெடுத்தன. அந்தப் பட்டியலில் பஞ்சாபியும் இருந்தது. சமூகத்தார் குரல் கொடுத்தார்கள், தேர்வு காப்பாற்றப்பட்டது. தேர்வு இருந்தால் பாடநூல் வேண்டும். பாடநூல் இருந்தால் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை நிற்காது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

அமெரிக்காவில் நான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒரு பொதுப்பள்ளிக் கட்டடத்தில் நடந்தது. அதே தாழ்வாரத்தின் மறுகோடியில் பஞ்சாபி வகுப்பு. லூதியானாவில் பிறந்த ஓர் அம்மையார் அதை நடத்தினார். வார நாள்களில் வங்கி வேலை. சனிக்கிழமை ஆசிரியப் பணி. ஒருநாள் தேநீர் இடைவேளையில் அவர் சொன்னதை நான் பல பயிற்சி வகுப்புகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பஞ்சாபியில் சுருதி வேறுபாடு பொருளை மாற்றும். நம் காதுக்குக் கோடா என்று கேட்கும் சொல், குரல் சமமாக இருந்தால் சாட்டை, தாழ்ந்தால் குதிரை, உயர்ந்தால் தொழுநோயாளி. வட இந்தியாவின் பெருமொழிகளில் இப்படிச் சுருதியால் பொருள் பிரிப்பது பஞ்சாபியின் தனித்தன்மை. குதிரைக்கு எழுதும் முதல் எழுத்து ககர வரிசையின் நான்காம் எழுத்து. ஆனால் பஞ்சாபியர் வாயில் அதன் பழைய ஒலி போய்விட்டது, தாழ்ந்த சுருதி மட்டும் நிற்கிறது. அந்த அம்மையார் பிறந்தது முதல் இதைப் பிழையின்றிப் பேசி வந்தவர். தம் மொழியில் சுருதி என்று ஒன்று இருப்பதே, கலிபோர்னியாவில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டி வந்தபோதுதான் தமக்குத் தெரிந்தது என்றார். தாய்மொழி நம் காதுக்குள் இருக்கிறது. நம் அறிவுக்கு அது எட்டியிருப்பதில்லை. ஆசிரியர் ஆவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு ககரம், பல ஒலிகள்

தமிழுக்கு வருவோம். கடல், பக்கம், பங்கு, மகன். இந்த நான்கு சொற்களிலும் ககரம் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடல் என்பதிலும் பக்கம் என்பதிலும் வல்லோசை, தொண்டை அதிர்வதில்லை. பங்கு என்பதில் மெல்லெழுத்தை அடுத்து வருவதால் தொண்டை அதிர்கிறது. மகன் என்பதில் இரண்டு உயிர்களுக்கு நடுவில் அகப்பட்டு, காற்றொலிபோலத் தளர்கிறது. வெளிநாட்டில் வளரும் பிள்ளை முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி, ஒரே எழுத்தை ஏன் விதவிதமாகப் படிக்கிறீர்கள் என்பதுதான். அது அப்படித்தான் என்று சொல்கிற ஆசிரியரிடம் அந்தப் பிள்ளை அடுத்த கேள்வி கேட்பதில்லை.

நான் பயிற்சி அளித்த ஆசிரியை ஒருவர் இதைச் செய்த விதம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஈரோட்டுப் பக்கத்துப் பெண், தொழில் மென்பொருள். ஏழு வயதுப் பிள்ளைகளைத் தொண்டையில் இரண்டு விரல் வைத்துக்கொள்ளச் சொன்னார். பக்கம் என்றார், பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். பங்கம் என்றார், சொன்னார்கள். எதில் விரல் அதிர்ந்தது என்று கேட்டார். ஒரு சிறுவன் பங்கம் என்று கத்தினான். அடுத்து தம்பி, பட்டம், பந்து, பத்து என்று சொற்களைக் கொடுத்தார். பத்து நிமிடத்துக்குள் பிள்ளைகளே விதியைச் சொல்லிவிட்டார்கள்: மூக்கெழுத்துக்குப் பின்னால் வந்தால் அதிரும், இரட்டித்தால் அதிராது. மெய்ம்மயக்கம், பிறப்பியல் என்று நாம் கல்லூரியில் படித்ததை, பிள்ளைகள் தங்கள் விரல் நுனியில் கண்டுபிடித்தார்கள். அந்த ஆசிரியை தமிழிலக்கியம் படித்தவர் அல்லர். தம் ஒலியைத் தாமே கவனிக்கக் கற்றவர்.

அடுத்தது சொற்றொடர். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளை, நான் பசிக்கிறேன் என்று சொல்லும். நாம் சிரிப்போம், திருத்துவோம்: எனக்குப் பசிக்கிறது. அடுத்த வாரம் அதே பிள்ளை, நான் பிடிக்கும் ஐஸ்கிரீம் என்று சொல்லும். மறுபடியும் திருத்துவோம். இரண்டும் ஒரே இடத்தில்தான் வழுக்குகின்றன என்பதைப் பயிற்சி பெற்ற ஆசிரியர் உடனே காண்பார். பசி, தாகம், தூக்கம், விருப்பம், தெரிதல், புரிதல் ஆகியவற்றில் தமிழ் அனுபவிப்பவரைக் கு உருபு கொடுத்து நிறுத்துகிறது. ஆங்கிலத்தில் சிந்திக்கும் பிள்ளை அவரை எழுவாய் ஆக்குகிறது. எனவே ஒவ்வொரு பிழையாகத் திருத்திக்கொண்டிராமல், எனக்கு, உனக்கு, அம்மாவுக்கு என்று ஒரு வாரம் முழுவதும் அதே அமைப்பில் பேச வைப்பார். பிழைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கைக் காண்பதே இரண்டாம் மொழி ஆசிரியரின் கண்.

வினைச்சொல்லும் அப்படியே. ஓடினான், படித்தான், உண்டான், கற்றான். இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என்று நன்னூல் வகுத்துச் சொல்கிறது. நம் கொங்குச் சீனாபுரத்துக்காரர் என்று இந்த வட்டாரம் உரிமை கொண்டாடும் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் செய்த நூல் அது. தமிழ் தெரிந்தவர் தம் தமிழைப் புரிந்துகொள்ள அது போதும். தமிழ் தெரியாத பிள்ளைக்கோ எந்த வினைக்கு எந்த இடைநிலை என்று முன்கூட்டியே சொல்லும் வகைப்பாடு வேண்டும். இந்தத் தேவையை முதலில் உணர்ந்தவர்கள் வெளியிலிருந்து வந்து தமிழ் கற்றவர்கள். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. வீரமாமுனிவர் மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாகியது. ஜி.யு.போப் 1855-இல் தமிழ் கற்போருக்குக் கைந்நூல் வெளியிட்டார். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் கலைக்கு 300 ஆண்டு வரலாறு உண்டு. அதில் தமிழரின் பங்கு இனிமேல்தான் பெருக வேண்டும்.

எந்தத் தமிழைக் கற்பிப்பது

பயிற்சிக்கு வரும் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. ஒரு வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் இருந்தால், வீட்டுத் தமிழ் ஐந்து வகையாவது இருக்கும். கோவை வீட்டில் வந்துட்டு இருக்கறேனுங்க. சென்னை வீட்டில் வந்துட்டிருக்கேன். யாழ்ப்பாண வீட்டில் வந்துகொண்டிருக்கிறன். பாடநூலிலோ வந்துகொண்டிருக்கிறேன். எழுத்துத் தமிழை மட்டும் கற்பித்தால், பிள்ளை ஊருக்கு வந்து பாட்டியிடம் பேசும்போது மேடைப் பேச்சாகிவிடும். பேச்சுத் தமிழை மட்டும் கற்பித்தால் ஒரு கதைப் புத்தகத்தைக்கூடப் படிக்க முடியாது.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு தெளிவான விடை கிடைத்தது. அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் இந்திய வம்சாவளி வீடுகளில் பாதிக்கு மேல் ஆங்கிலமே முதன்மைப் பேச்சுமொழியாகிவிட்டது. 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வகுப்பில் பேசுவதற்குப் படித்தவர் பொதுவில் பேசும் தமிழ். வாசிக்கவும் எழுதவும் எழுத்துத் தமிழ். அங்குள்ள தமிழாசிரியர் முழுநேரப் பணியாளர், தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறுகிறார், பணியில் சேர்ந்தபின் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் மேலும் கற்கிறார். மலேசியாவில் 1816-இல் பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியது. 2016-இல் தமிழ்க் கல்வியின் 200-ஆம் ஆண்டை அங்குள்ள தமிழர் கொண்டாடினார்கள். அங்கே 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அரசுக் கல்வி அமைப்புக்குள் இயங்குகின்றன. இந்த இரு நாடுகளிலும் ஆசிரியருக்குச் சம்பளமும் பதவி உயர்வும் ஓய்வுக்காலப் பாதுகாப்பும் இருக்கின்றன. அதனால்தான் தலைமுறைகள் கடந்தும் பணி தொடர்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிலைமை வேறு. 1998-இல் ஒரு சில பிள்ளைகளோடு தொடங்கிய கலிபோர்னியா தமிழ்க் கல்விக்கழகம் இன்று ஆயிரக்கணக்கில் மாணவரைக் கொண்டது. ஈழத்திலிருந்து 1983-க்குப் பின் புலம்பெயர்ந்தவர்கள் சுவிட்சர்லாந்திலும் நார்வேயிலும் ஜெர்மனியிலும் கட்டியெழுப்பிய தமிழ்ப் பள்ளிகள் நாடு தழுவிய தேர்வுகளை நடத்துகின்றன. கலிபோர்னியா மாநிலம் 2011-இல் சட்டமாக்கிய இருமொழித் தகுதி முத்திரையைத் தமிழ்ப் பிள்ளைகளும் பெறுகிறார்கள். இவ்வளவையும் தாங்கி நிற்பவர்கள் தன்னார்வலர்கள். என் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் தன்னார்வத்தை மட்டும் நம்பினால், பிள்ளை மேல்நிலைப் பள்ளியை முடித்துப் போகும்போது தாயும் ஆசிரியப் பணியை விட்டுப் போகிறார். அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த வகுப்பறை அறிவும் அவரோடு போகிறது. புதிதாக வருபவர் அகரத்திலிருந்து தொடங்குகிறார். வாரம் 2 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் என்றால் மொத்தம் 60 மணி நேரம். அதில் ஒவ்வொரு நிமிடமும் விலை உயர்ந்தது. பயிற்சி இல்லாத ஆசிரியரிடம் அதைக் கொடுப்பது பிள்ளைக்கு நாம் செய்யும் அநீதி.

வீட்டின் பங்கையும் மறுப்பதற்கில்லை. தலைமுறைக்குத் தலைமுறை வீட்டில் மொழி கைமாறாவிட்டால் பள்ளியால் மட்டும் அதைக் காக்க முடியாது என்பது மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991-இல் வெளியிட்ட ஆய்வின் சாரம். அதற்குச் சான்று இந்தக் கோவையிலேயே இருக்கிறது. நம் அண்டை வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக எழுத்தறியாமலே தங்கள் மொழியைக் காத்து வருகின்றன. கூட்டுக் குடும்பமும் உறவுக்குள் திருமணமும் ஒரே தெருவில் வாழ்ந்ததும் அதற்குத் துணை நின்றன. டல்லாஸின் அடுக்ககத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்தத் துணை கிடையாது. அங்கே வீடு செய்ய வேண்டியதில் பாதியை ஆசிரியர் சுமக்கிறார். அவருக்குக் கூடுதல் வலிமை வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கோவை செய்யக்கூடியது

தமிழ்நாடு கைகட்டி நிற்கவில்லை. 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில், உலகத் தமிழருக்குச் சான்றிதழ்ப் படிப்பு முதல் பட்டப் படிப்பு வரை நடத்துகிறது. 2022-இல் தமிழ்ப் பரப்புரைக் கழகம் அதன் வழியே தொடங்கப்பட்டு, அயலகப் பிள்ளைகளுக்கான பாடநூல்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைக்கின்றன. மைசூரில் 1969-இல் நிறுவிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பிற மொழி ஆசிரியர்களுக்கு இந்திய மொழிகளைக் கற்பிக்கும் 10 மாதப் படிப்பை நடத்தி வந்திருக்கிறது. தமிழ் அதன் மைசூர் மையத்தில். பஞ்சாபி அதன் பாட்டியாலா மையத்தில். இரண்டாம் மொழிக் கற்பித்தலில் திரண்ட அறிவு நம் நாட்டிலேயே இருக்கிறது. அது நம் ஆசிரியக் கல்லூரி வகுப்புக்குள் வர வேண்டும்.

நாம் கூடியிருக்கும் இந்தக் காந்திபுரத்தைப் பாருங்கள். கிராஸ்கட் ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலப் பயிற்சி மையங்களின் பலகைகள். செவிலியர் படிப்பு முடித்த பெண்கள் ஜெர்மன் பி1, பி2 நிலைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஐரோப்பிய அவை 2001-இல் வெளியிட்ட அந்த நிலை அளவுகோல், மாணவர் எத்தனை பாடம் முடித்தார் என்று கேட்பதில்லை. கடையில் பொருள் கேட்டு வாங்க முடிகிறதா, கடிதம் படித்து விடை எழுத முடிகிறதா என்று கேட்கிறது. அதே அளவுகோலைத் தமிழுக்கு வகுத்து, அதற்கேற்பக் கற்பிக்கும் ஆசிரியரை நாம் ஏன் இங்கே உருவாக்கக் கூடாது?

இந்த ஆசிரியர் வெளிநாட்டுக்கு மட்டும் உரியவர் என்று எண்ண வேண்டாம். திருப்பூரிலும் கோவையிலும் பின்னலாடை ஆலைகளிலும் வார்ப்படப் பட்டறைகளிலும் கட்டட வேலையிலும் உழைக்க ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி அவர்களும் தமிழ் படிக்கிறார்கள். ஒடியாவிலோ போஜ்புரியிலோ சிந்திக்கும் பிள்ளைக்கு, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குக் கற்பிப்பதுபோலவே கற்பிக்கிறோம். அந்தப் பிள்ளையும் பங்கு என்பதையும் பக்கம் என்பதையும் பார்த்துத் திகைக்கிறது. டல்லாஸ் ஆசிரியருக்கு எந்தத் திறன் வேண்டுமோ அதே திறன் நம் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியருக்கும் வேண்டும். அந்தப் பிள்ளைகளின் ஒடியாவையும் போஜ்புரியையும் மதிக்கத் தெரிந்தவரே, அவர்களுக்குத் தமிழை விருப்பத்தோடு கொடுக்க முடியும். பிறர் நாட்டில் நம் பிள்ளைக்கு நாம் கேட்கும் மதிப்பு அதுதான்.

இதைச் செய்து காட்டிய மரபு இந்த மண்ணுக்கு உண்டு. தி.சு.அவினாசிலிங்கம் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். பெ.தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வந்தது. இருவரும் கொங்கு நாட்டவர். பேரூரில் 1953-இல் தமிழ்க் கல்லூரி எழுந்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு இந்த நகரில் கூடியது. பெரிய காரியங்களைத் தொடங்கவும் முடிக்கவும் தெரிந்த ஊர் இது.

எனவே மூன்று வேண்டுகோள்களை இந்த அவைமுன் வைக்கிறேன்.

முதலாவது: கோவையின் ஆசிரியக் கல்லூரிகளும் தமிழ்க் கல்லூரிகளும் சேர்ந்து, தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்க வேண்டும். ஒலியியல், பேச்சுத் தமிழ் இலக்கணம், பிழை ஆய்வு, நிலைவாரித் தேர்வு ஆகியவை அதன் பாடங்களாகட்டும். வெளிநாட்டில் வாழும் ஆசிரியரும் இணைய வழியே சேரட்டும்.

இரண்டாவது: அதன் செய்முறைப் பயிற்சி, வேற்று மாநிலப் பிள்ளைகள் படிக்கும் கோவை, திருப்பூர்ப் பள்ளிகளில் நடக்க வேண்டும். மாணவ ஆசிரியருக்கு அனுபவம், பிள்ளைகளுக்கு மொழி, பள்ளிக்குத் துணை. அங்கே உருவாகும் பயிற்சித் தாள்களும் ஒலிப்பதிவுகளும் உலகெங்கும் உள்ள வார இறுதிப் பள்ளிகளுக்கு இலவசமாகப் போகட்டும்.

மூன்றாவது: வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோருக்கு. நீங்கள் ஆண்டு விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஆசிரியரின் மதிப்பூதியத்துக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். ஐந்தாண்டு பணி செய்தவரைப் புதியவருக்கு வழிகாட்டியாக அமர்த்துங்கள். அவருடைய பாடக் குறிப்புகளைச் சேர்த்து வையுங்கள். இது சேவைதான். ஆனாலும் பயிற்சியும் ஊதியமும் அங்கீகாரமும் பெற்ற தொழிலாக ஆனால்தான் இந்தச் சேவை நிலைக்கும்.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். ஆண்டுக்கொரு சொற்பொழிவோடு, ஆண்டுக்கொரு மாணவ ஆசிரியருக்கு இந்தப் பயிற்சிக்கான கட்டணத்தையும் உங்கள் தந்தையாரின் பெயரால் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் படிப்புக்கான பாடத்திட்ட வரைவை நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இங்குள்ள கல்லூரி முதல்வர்களிடம் அதைத் தருகிறேன். வரும் கல்வியாண்டில் பத்துப் பேரோடு தொடங்குவோம். பாடம் எடுக்க நான் வருகிறேன்.